முதல் லெவல் கேரக்டர்: ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது?

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட முதன்முதலாக உட்காருபவர்களைத் திணற வைப்பது கதை அல்ல, கேரக்டர் ஷீட், அதாவது உங்கள் கதாபாத்திரத்தின் விவரத் தாள். தாள் முழுக்கக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஆப் நிரப்பிக் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்தால், முதல் சண்டையிலேயே “இப்போ எதைக் கூட்டணும்?” என்று ஆட்டம் நின்றுவிடும். இதற்கு ஒரே மருந்து, முதல் கேரக்டரைக் கையால் எழுதுவது. ஏசி (ஆர்மர் கிளாஸ், உங்களைத் தாக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 17 என்று மட்டும் எழுதாதீர்கள். பக்கத்திலேயே சின்னதாக 13+2+2 என்றும் எழுதுங்கள். எல்லா எண்ணுக்கும் இப்படிக் கணக்கு எழுதிவிட்டால், புதியவர்கள் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பகுதி ஷீட்டிலேயே தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு டுவார்ஃப் (குள்ளர் இனம்) கிளெரிக்கை (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்) முதலிலிருந்து கட்டுகிறோம். கவசம், ஆயுதம், மந்திரம் மூன்றும் கிளெரிக்குக்கு உண்டு என்பதால் முக்கியமான கணக்குகள் எல்லாம் இவரிடமே வந்துவிடும்.

முதலில், எந்த ஆண்டின் விதி?

ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதைத் திருத்திய விதிப்புத்தகம் 2024இல் வந்தது. ஸ்பெல்களின் (மந்திரங்களின்) பெயர்கள் பெரும்பாலும் ஒன்றேதான், ஆனால் உள்ளே எண்கள் மாறியிருக்கின்றன. கியூர் வூண்ட்ஸ் ஸ்பெல் 2014இல் 1டி8 (ஓர் எட்டுமுகப் பகடை) ஹெச்பி (உயிர்ப்புள்ளி) திருப்பித் தரும், 2024இல் 2டி8. பழைய விதியில் கிளெரிக் முதல் லெவலிலேயே டொமைனை, அதாவது தன் சப்கிளாஸை, தேர்ந்தெடுப்பார். புதிய விதியில் எல்லா கிளாஸுக்கும் (கேரக்டரின் தொழில்) சப்கிளாஸ் (அதன் உட்பிரிவு) மூன்றாம் லெவலில்தான்.

பெரிய மாற்றம் ஒன்று உண்டு. 2014இல் எபிலிட்டி ஸ்கோருக்கான (கேரக்டரின் ஆறு அடிப்படைத் திறன்களின் எண்) கூடுதல் புள்ளிகள் இனத்திலிருந்து வரும். டுவார்ஃப் என்றால் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) +2. 2024இல் அந்தப் புள்ளிகள் பேக்கிரவுண்டிலிருந்து (கேரக்டரின் முன்கதை) வரும். பழைய காணொளியைப் பார்த்து இனத்துக்கும், புதிய புத்தகத்தைப் பார்த்து பேக்கிரவுண்டுக்கும் கூட்டினால் கேரக்டர் இரண்டு முறை புள்ளி வாங்கியிருக்கும். புதியவர்களின் ஷீட்டில் முக்கிய ஸ்கோர் 18, 19 என்று நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே ஷீட்டின் மேல் மூலையில் ஆண்டை எழுதிவிடுங்கள். இந்த வழிகாட்டி 2024 விதிப்படி. புத்தகம் வாங்காதவர்களுக்கு, 2025இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியான எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதித்தொகுப்பு இருக்கிறது. கீழே நாம் கட்டும் கேரக்டருக்கு அதுவே போதும்.

கிளாஸ், பேக்கிரவுண்ட், இனம்

கிளாஸ்தான் முதலில். மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பின்பற்றி வரும். ஒவ்வொரு கிளாஸுக்கும் உயிர்நாடியாக ஓர் எபிலிட்டி உண்டு. பார்பேரியனுக்கு ஸ்ட்ரெங்த் (வலிமை), ரோக்குக்கு டெக்ஸ்டெரிட்டி (லாவகம்), விஸார்டுக்கு இன்டெலிஜென்ஸ் (அறிவு), கிளெரிக்குக்கும் டுரூயிடுக்கும் விஸ்டம் (விவேகம்), பார்ட், சோர்சரர், வார்லாக் மூவருக்கும் கரிஷ்மா (ஆளுமை). ஃபைட்டர் வாளேந்தினால் ஸ்ட்ரெங்த், வில்லேந்தினால் டெக்ஸ்டெரிட்டி.

விதிகளைக் குறைவாகப் படித்துவிட்டு ஆட வேண்டும் என்பவர்கள் ஃபைட்டர் அல்லது பார்பேரியனை எடுக்கலாம். மந்திரம் வேண்டும் என்றால் விஸார்டைவிட கிளெரிக் பாதுகாப்பானது. கிளெரிக் நீண்ட ஓய்வு முடிந்ததும் தயாரித்து வைக்கும் ஸ்பெல்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், தவறான ஸ்பெல்லை எடுத்துவிட்டாலும் மறுநாள் சரிசெய்துவிடலாம்.

பேக்கிரவுண்ட் 2024இல் மூன்று எபிலிட்டிகளைக் குறிப்பிடும். அவற்றில் ஒன்றுக்கு +2, இன்னொன்றுக்கு +1 போடலாம், இல்லையென்றால் மூன்றுக்கும் +1 போடலாம். கதைக்குப் பிடித்திருக்கிறது என்று பேக்கிரவுண்டை எடுத்துவிட்டு, கிளாஸின் முக்கிய எபிலிட்டி அந்த மூன்றில் இல்லை என்று பிறகு கண்டுபிடிப்பது அடிக்கடி நடக்கும். சோல்ஜருக்கு ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன் மட்டும்தான். விஸார்டுக்கு அதில் இன்டெலிஜென்ஸ் கிடைக்காது.

கிளெரிக் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது அக்கோலைட். அதில் இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஷ்மா இருக்கும், கான்ஸ்டிட்யூஷன் இல்லை. நாம் சேஜ் எடுக்கிறோம். அதில் கான்ஸ்டிட்யூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம். கூடவே ஆர்கானா, ஹிஸ்டரி என்ற இரண்டு ஸ்கில்களும், விஸார்ட் ஸ்பெல்களுக்கான மேஜிக் இனிஷியேட் ஃபீட்டும் (சிறப்புத் திறன்) வரும். மடத்து நூலகத்தில் வளர்ந்த துறவி என்று கதையும் தானாக அமைந்துவிடும்.

இனம் டுவார்ஃப். இருட்டில் 120 அடி பார்வை, விஷத்துக்கு எதிர்ப்பு, ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு கூடுதல் ஹெச்பி.

ஆறு எபிலிட்டி ஸ்கோர்கள்

ஸ்கோர்களை மூன்று வழிகளில் பெறலாம். முதலாவது ஸ்டாண்டர்டு அரே: 15, 14, 13, 12, 10, 8 ஆகிய ஆறு எண்களை விருப்பப்படி அடுக்குவது. இரண்டாவது பாயிண்ட் பை: கையில் 27 புள்ளி, எல்லா ஸ்கோரும் 8இல் தொடங்கும். 9க்கு 1, 10க்கு 2, 11க்கு 3, 12க்கு 4, 13க்கு 5, 14க்கு 7, 15க்கு 9 புள்ளி. மூன்றாவது பகடை: நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, இருப்பதில் சிறியதை ஒதுக்கிவிட்டு மூன்றைக் கூட்ட வேண்டும். இப்படி ஆறு முறை. பகடைதான் வழி என்றால் எல்லோர் முன்னாலும் உருட்டுங்கள். முதல் முறை ஆடுபவர்களுக்கு எங்கள் பரிந்துரை அரே. ஒருவர் 17, 18 என்று குவித்துவிட்டு அடுத்தவர் 11ஐத் தாண்டாமல் போனால், அந்த ஏற்றத்தாழ்வு பல மாதங்கள் கூடவே வரும்.

ஆட்டத்தில் ஸ்கோர் நேரடியாக அதிகம் பயன்படாது, மாடிஃபையர்தான் பயன்படும். ஸ்கோரிலிருந்து 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, கீழ்நோக்கி முழுதாக்குங்கள். 8 என்றால் −1, 10ம் 11ம் 0, 12ம் 13ம் +1, 14ம் 15ம் +2, 16ம் 17ம் +3. ஒற்றைப்படை எண்ணால் உடனடிப் பலன் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

பாயிண்ட் பையில் 13க்கு 5 புள்ளி, 14க்கு 7. 13ஐ வாங்கிவிட்டு பேக்கிரவுண்டின் +1ஐ அதில் போட்டால் அதே 14 மலிவாகக் கிடைக்கும்.

நம் கிளெரிக்கின் அடுக்கு: விஸ்டம் 15, டெக்ஸ்டெரிட்டி 14, கான்ஸ்டிட்யூஷன் 13, ஸ்ட்ரெங்த் 12, கரிஷ்மா 10, இன்டெலிஜென்ஸ் 8. சேஜ் தரும் +2 விஸ்டமுக்கு, +1 கான்ஸ்டிட்யூஷனுக்கு. முடிவில் விஸ்டம் 17, கான்ஸ்டிட்யூஷன் 14. மாடிஃபையர்கள்: விஸ்டம் +3, டெக்ஸ்டெரிட்டி +2, கான்ஸ்டிட்யூஷன் +2, ஸ்ட்ரெங்த் +1, கரிஷ்மா 0, இன்டெலிஜென்ஸ் −1.

17ம் 16ம் ஒரே +3 தானே, ஒரு புள்ளி வீண்தானே என்று கேட்கலாம். மூன்றுக்கும் +1 போட்டிருந்தால் விஸ்டம் 16, கான்ஸ்டிட்யூஷன் 14, இன்டெலிஜென்ஸ் 9 என்று வந்திருக்கும். இன்டெலிஜென்ஸ் 8ஆக இருந்தாலும் 9ஆக இருந்தாலும் −1 தான். விஸ்டமில் நிற்கும் அந்த ஒற்றைப் புள்ளிக்கு நான்காம் லெவலில் வேலை இருக்கிறது. அப்போது ஸ்கோரை உயர்த்தும் வாய்ப்பு வரும். ஒரு புள்ளி போட்டதும் 18, மாடிஃபையர் +4. மீதிப் புள்ளி வேறோர் எபிலிட்டிக்கு மிஞ்சும்.

கான்ஸ்டிட்யூஷனை 8இல் விட்டுவிட்டு கரிஷ்மாவை ஏற்றுவது கதைக்கு அழகாகத் தெரியலாம். முதல் லெவலில் ஹெச்பி மிகக் குறைவு, இரண்டு நல்ல அடியில் கேரக்டர் தரையில் கிடக்கும். எந்த கிளாஸானாலும் கான்ஸ்டிட்யூஷன் 12க்குக் கீழே போக வேண்டாம்.

ஹெச்பி

முதல் லெவலில் ஹிட் டைஸின் (ஹெச்பிக்கென ஒவ்வொரு கிளாஸுக்கும் உள்ள பகடை) உச்ச எண்ணோடு கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையரைக் கூட்டுங்கள். பகடையை உருட்டுவதில்லை. கிளெரிக்கின் ஹிட் டைஸ் டி8. 8+2, டுவார்ஃப் என்பதால் +1, மொத்தம் 11. அதே இடத்தில் விஸார்டின் டி6க்கு 6, ஃபைட்டரின் டி10க்கு 10, பார்பேரியனின் டி12க்கு 12 என்று தொடங்கும்.

இரண்டாம் லெவலிலிருந்து பகடை உருட்டலாம், அல்லது புத்தகத்தில் உள்ள நிலையான எண்ணை எடுக்கலாம். டி8க்கு அது 5. நமக்கு 5+2+1, அதாவது லெவலுக்கு 8. இரண்டாம் லெவலில் 19, மூன்றாவதில் 27.

ஆர்மர் கிளாஸ்

அதிகமாகப் பிழை நடக்கும் கட்டம் இது. ஏசிக்குப் பல சூத்திரங்கள் உண்டு, அவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம். கவசமில்லாதவருக்கு 10+டெக்ஸ்டெரிட்டி. கவசமில்லாத பார்பேரியனுக்கு 10+டெக்ஸ்டெரிட்டி+கான்ஸ்டிட்யூஷன். கவசமும் கேடயமும் இல்லாத மங்க்குக்கு 10+டெக்ஸ்டெரிட்டி+விஸ்டம். மேஜ் ஆர்மர் ஸ்பெல் விழுந்தவருக்கு 13+டெக்ஸ்டெரிட்டி. மங்க்மேல் மேஜ் ஆர்மரைப் போட்டு 13+டெக்ஸ்டெரிட்டி+விஸ்டம் என்று கூட்ட முடியாது. கேடயத்தின் +2, கவர் (மறைவிடம்) தரும் +2 போன்றவை சூத்திரங்கள் அல்ல, மேலே சேரும் கூட்டல்கள். அதனால் அவை தடையில்லாமல் சேரும்.

கவசங்கள் மூன்று வகை. லைட் கவசத்தில் டெக்ஸ்டெரிட்டி முழுதாகச் சேரும்: லெதர் 11, ஸ்டட்டட் லெதர் 12. மீடியத்தில் டெக்ஸ்டெரிட்டி அதிகபட்சம் +2 வரைதான்: செயின் ஷர்ட் 13, ஸ்கேல் மெயில் 14. ஹெவியில் டெக்ஸ்டெரிட்டியே சேராது: செயின் மெயில் 16, பிளேட் 18. செயின் ஷர்ட்டையும் செயின் மெயிலையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

கிளெரிக்கின் தொடக்கப் பொருள்களில் செயின் ஷர்ட்டும் கேடயமும் உண்டு. 13+2+2, ஏசி 17. டெக்ஸ்டெரிட்டிக்கு 14 கொடுத்ததன் காரணம் இதுதான். அதற்கு மேல் கொடுத்தாலும் மீடியம் கவசத்தில் பயனில்லை.

முதல் லெவலில் கிளெரிக் டிவைன் ஆர்டர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புரொடெக்டர் என்றால் ஹெவி கவசப் பயிற்சியும் மார்ஷியல் ஆயுதங்களும் கிடைக்கும். தாமடர்ஜ் என்றால் ஒரு கூடுதல் கேன்ட்ரிப்பும் (எத்தனை முறையும் போடக்கூடிய எளிய ஸ்பெல்), ஆர்கானா, ரிலிஜன் சோதனைகளில் விஸ்டம் மாடிஃபையரும் கிடைக்கும். புரொடெக்டர் எடுத்து செயின் மெயில் போட்டால் ஏசி 18. ஆனால் அதற்கு 75 தங்கம் வேண்டும், ஸ்ட்ரெங்த் 13 வேண்டும். நமக்கு 12தான் என்பதால் வேகத்தில் 10 அடி குறையும். ஒரே ஒரு ஏசி புள்ளிக்கு இது கட்டுப்படியாகாது. நாம் தாமடர்ஜ். புரொடெக்டர்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்ட்ரெங்தையும் டெக்ஸ்டெரிட்டியையும் இடம் மாற்றிக்கொள்ளட்டும்.

பயிற்சியில்லாத கவசத்தை மாட்டினால் ஏசி என்னவோ ஏறும். ஆனால் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி சார்ந்த எல்லா டி20 (இருபதுமுகப் பகடை) உருட்டலிலும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது), ஸ்பெல் போடவே முடியாது. விஸார்டுக்கு பிளேட் வாங்கித் தரும் யோசனை இங்கேயே முடிந்துவிடுகிறது.

புரொஃபிஷியன்சி போனஸ்

முதல் நான்கு லெவல்களுக்கு இது +2, ஐந்தாவதில் +3. கேரக்டர் பயிற்சி பெற்றவற்றுக்கு மட்டும் சேரும், ஓர் உருட்டலில் ஒரே ஒரு முறைதான் சேரும். தாக்குதல் உருட்டலில் சேரும், டேமேஜில் சேராது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஷீட்டின் ஓரத்திலேயே எழுதி வைக்கலாம், அவ்வளவு பேர் தவறுகிறார்கள்.

ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவில் (சுருக்கமாக சேவ்) கிளெரிக்குக்கு விஸ்டமும் கரிஷ்மாவும் பயிற்சி. ஆகவே விஸ்டம் சேவ் 3+2=+5, கரிஷ்மா சேவ் 0+2=+2. மற்றவை வெறும் மாடிஃபையர்.

ஸ்கில்களில் கிளெரிக் பட்டியலிலிருந்து இரண்டு: ஹிஸ்டரி, இன்சைட், மெடிசின், பெர்சுவேஷன், ரிலிஜன். சேஜ் ஏற்கெனவே ஹிஸ்டரி தந்துவிட்டதால் அதை மீண்டும் எடுத்தால் ஒன்றும் கூடாது. இன்சைட் +5, மெடிசின் +5 எடுக்கிறோம். ஆர்கானா −1+2, தாமடர்ஜ் தரும் +3 சேர்ந்து +4. பெர்செப்ஷனில் பயிற்சியில்லை, விஸ்டமின் +3 மட்டும். பாசிவ் பெர்செப்ஷன் 10+3=13. இது உருட்டும் எண் அல்ல. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) மறைவாக வைத்திருக்கும் பொறி உங்கள் கண்ணில் படுமா என்று பார்க்கும் எண்.

ஸ்பெல்கள்: யார் உருட்டுவது?

ஸ்பெல் சேவ் டிசி (எதிரி எட்ட வேண்டிய இலக்கு) என்பது 8+புரொஃபிஷியன்சி+விஸ்டம்: 8+2+3=13. ஸ்பெல் தாக்குதல் 2+3=+5. ஒரு ஸ்பெல் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்கும். கைடிங் போல்ட் தாக்குதல் ஸ்பெல்: நீங்கள் டி20 உருட்டி +5 கூட்டி எதிரியின் ஏசியோடு ஒப்பிடுவீர்கள். சேக்ரட் ஃபிளேம் சேவ் ஸ்பெல்: நீங்கள் உருட்டவே மாட்டீர்கள், எதிரி டெக்ஸ்டெரிட்டி சேவ் உருட்டி 13ஐ எட்ட வேண்டும். ஏசிக்கு அங்கே வேலையில்லை. தகடு போர்த்திய எதிரிமேல் சேக்ரட் ஃபிளேம் நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

ஸ்பெல்லின் லெவல் வேறு, கேரக்டரின் லெவல் வேறு. இரண்டாம் லெவல் ஸ்பெல்லைப் போட கேரக்டர் மூன்றாம் லெவலுக்கு வர வேண்டும். இப்போது நம்மிடம் முதல் லெவல் ஸ்லாட் (ஸ்பெல் போடும்போது செலவாகும் வாய்ப்பு) இரண்டு, தயாரித்து வைக்கும் ஸ்பெல் நான்கு. தயாரிப்பது செலவழிப்பதாகாது. நான்கில் எதையும் போடலாம், ஒரே ஸ்பெல்லை இரண்டு முறையும் போடலாம், மொத்தம் இரண்டு ஸ்லாட்தான். கேன்ட்ரிப்புக்கு ஸ்லாட்டே வேண்டாம்.

நான்குக்கு எங்கள் தேர்வு: பிளெஸ், ஹீலிங் வேர்ட், கைடிங் போல்ட், கியூர் வூண்ட்ஸ். முதல் லெவலில் பிளெஸ் ஈடு இணையில்லாதது. மூன்று பேருக்குத் தாக்குதலிலும் சேவிலும் 1டி4 கூடும். அது கவனத்தை விடாமல் வைத்திருக்க வேண்டிய கான்சன்ட்ரேஷன் ஸ்பெல், இன்னொரு கான்சன்ட்ரேஷன் ஸ்பெல்லைத் தொடங்கினால் கலைந்துவிடும். அடிபட்டால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்ட வேண்டும்: இலக்கு 10, அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, எது பெரிதோ அது. நமக்கு +2 என்பதால் இலக்கு 10க்கு 65 சதவீத வாய்ப்பு.

ஹீலிங் வேர்ட், முக்கியச் செயலோடு கூடுதலாகச் செய்யும் போனஸ் ஆக்‌ஷனில் 60 அடி தூரம் வரை எட்டும். ஒரே முறையில் (டர்னில்) ஹீலிங் வேர்டும் கைடிங் போல்ட்டும் போடலாமா? கூடாது. ஒரு முறையில் ஒரு ஸ்லாட் மட்டுமே செலவழிக்கலாம். ஹீலிங் வேர்டும் சேக்ரட் ஃபிளேமும் சேர்ந்து போகும்.

மேஜிக் இனிஷியேட் ஃபீட்டில் இரண்டு விஸார்ட் கேன்ட்ரிப்பும் ஒரு முதல் லெவல் ஸ்பெல்லும் உண்டு. அதற்கான எபிலிட்டியாக விஸ்டமைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், இன்டெலிஜென்ஸ் நமக்கு −1. கேன்ட்ரிப்பில் ஒன்று ட்ரூ ஸ்டிரைக். மேஸை (குண்டாந்தடியை) வெறுமனே வீசினால் ஸ்ட்ரெங்த் 1+2=+3, டேமேஜ் 1டி6+1. ட்ரூ ஸ்டிரைக்கோடு வீசினால் விஸ்டம் 3+2=+5, டேமேஜ் 1டி6+3. ஏசி 15 உள்ள எதிரிமேல் படும் வாய்ப்பு 45இலிருந்து 55 சதவீதமாகிறது. 2014 விதியின் ட்ரூ ஸ்டிரைக் வேறு, அது வீணான ஸ்பெல்.

கைகள் இரண்டே

முதல் லெவல் ஸ்பெல்லாக ஷீல்டை எடுத்தால், எதிரியின் அடி படும் நேரத்தில் ரியாக்‌ஷனாக ஏசியை 17இலிருந்து 22க்கு ஏற்றலாம். ஆனால் ஒரு கையில் கேடயம், இன்னொரு கையில் மேஸ் இருந்தால் அதைப் போட முடியாது. கை அசைவு தேவைப்படும் ஸ்பெல்லுக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். புனிதச் சின்னத்தைக் கேடயத்திலேயே பொறித்திருந்தால், பொருளும் அசைவும் இரண்டும் கேட்கும் பிளெஸ் போன்றவற்றை அந்தக் கையாலேயே போடலாம். ஷீல்டு, கியூர் வூண்ட்ஸ், கைடிங் போல்ட், சேக்ரட் ஃபிளேம் நான்கும் அசைவு மட்டும் கேட்பவை, அவற்றுக்குக் கேடயக் கை உதவாது. ஹீலிங் வேர்டுக்கு வாய்ச்சொல் மட்டும் போதும்.

நடைமுறையில் எளிய வழி, மேஸை இடுப்பில் வைத்திருந்து தேவைப்படும்போது உருவுவது. பல டிஎம்கள் இந்தக் கைக்கணக்கைப் பார்ப்பதில்லை. உங்கள் டிஎம் எப்படி என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பொருள்கள்

கிளெரிக்கின் தொகுப்பு: செயின் ஷர்ட், கேடயம், மேஸ், புனிதச் சின்னம், பிரீஸ்ட்ஸ் பேக், 7 தங்கம். சேஜ் தரும் பொருள்களோடு 8 தங்கம். ஆக 15 தங்கம் கையில். அதில் 5 தங்கத்துக்கு ஒரு ஹீலர்ஸ் கிட் வாங்குங்கள். ஸ்லாட் தீர்ந்த பிறகு, தரையில் கிடக்கும் தோழரை உருட்டலே இல்லாமல் நிலைப்படுத்த அது உதவும்.

மல்டிகிளாஸ் ஆசை

இரண்டு கிளாஸ் கலக்க, இரண்டின் முக்கிய எபிலிட்டியும் 13ஆவது இருக்க வேண்டும். விதி தடுக்காவிட்டாலும் ஐந்தாம் லெவலுக்கு முன் கலக்காதீர்கள். ஃபைட்டர் போன்றவர்களுக்கு இரண்டாவது அடி, கிளெரிக், விஸார்டுக்கு மூன்றாம் லெவல் ஸ்பெல் எல்லாம் ஐந்தில் வருகின்றன. மூன்று லெவல் ஃபைட்டரும் இரண்டு லெவல் விஸார்டும் கலந்தவரிடம் இவை எதுவும் இருக்காது. தோழர்கள் இரண்டு முறை அடிக்கும்போது அவர் ஒரு முறை அடிப்பார்.

டிஎம்மிடம் கேட்க வேண்டியவை

ஷீட் முடிந்ததும், முதல் ஆட்டத்துக்கு முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கோருக்கு அரேயா, பாயிண்ட் பையா, பகடையா? லெவல் ஏறும்போது ஹெச்பிக்கு நிலையான எண்ணா, உருட்டலா? லெவல் ஏறுவது அனுபவப் புள்ளியாலா, கதையின் கட்டங்களாலா? புள்ளி என்றால் இரண்டாம் லெவலுக்கு 300, மூன்றாவதுக்கு 900, நான்காவதுக்கு 2,700. பொருத்தமான பேக்கிரவுண்ட் கிடைக்காவிட்டால் நாமே ஒன்று அமைக்கலாமா? குழுவில் வேறு யாராவது கிளெரிக் எடுத்திருக்கிறார்களா? இரண்டு ஆட்டங்கள் ஆடிப் பார்த்தபின் பிடிக்கவில்லை என்றால், அதே பெயரோடு கிளாஸை மாற்றி எழுதலாமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான டிஎம்கள் சரி என்றே சொல்வார்கள், ஆனால் அதை மூன்றாம் லெவலில் சப்கிளாஸ் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.